புறக்கடைக் கோழியும் பத்து நாள் கணக்கும்

வீட்டின் பின்புறத்தில் மேய்ந்து திரியும் பத்துக் கோழிகளுக்கு வரவு செலவுக் கணக்கு எழுதுவார் யாருமில்லை. அவை எதைத் தின்றன, எத்தனை முட்டை இட்டன, எத்தனை குஞ்சு தேறின என்பதெல்லாம் அந்த வீட்டுப் பெண்ணின் நினைவில் மட்டுமே இருக்கும். ஆனால், அப்படிக் கணக்கில் வராத கோழிகளை எல்லாம் கூட்டிப் பார்த்தால் அது சிறிய எண்ணிக்கையன்று. 2019-ஆம் ஆண்டு நடைபெற்ற 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் இருந்த ஏறத்தாழ 85 கோடிக் கோழியினங்களில் 31 கோடிக்கும் மேற்பட்டவை புறக்கடையில் வளர்ந்தவை. 2012-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் இந்தப் புறக்கடைக் கோழிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 46 சதவீதம் உயர்ந்திருந்தது. பண்ணைக்கோழி பெருகிவிட்டதால் நாட்டுக்கோழி அழிந்துவிடும் என்று பேசப்பட்ட காலத்தில்தான் இந்த உயர்வு நிகழ்ந்திருக்கிறது.

காரணம் எளிது. நாட்டுக்கோழி முட்டைக்கும் இறைச்சிக்கும் சந்தையில் பண்ணைக்கோழியைக் காட்டிலும் நல்ல விலை கிடைக்கிறது. தீவனச் செலவு மிகக் குறைவு. திடீரென்று பள்ளிக் கட்டணமோ மருத்துவச் செலவோ வந்தால், கணவரிடமோ வட்டிக்காரரிடமோ கேட்காமல் ஒரு பெண் தானே எடுத்துச் செலவிடக்கூடிய பணம் அது. அரசும் இதை உணர்ந்து ஏழைப் பெண்களுக்குக் குஞ்சுகளை வழங்கும் திட்டங்களைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. அப்படி வழங்கப்படும் குஞ்சுகள் முட்டையிடும் பருவத்தை எட்டுகின்றனவா, எட்டியபின் இட வேண்டிய அளவு இடுகின்றனவா என்பதைப் பற்றித்தான் நாம் போதிய அளவு பேசுவதில்லை.

கால்நடை மருத்துவராக முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கிராமங்களில் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். புறக்கடைக் கோழியின் வருமானத்தைச் சத்தமில்லாமல் தின்று தீர்ப்பது குடற்புழு. வெள்ளைக்கழிச்சல் என்று மக்கள் அழைக்கும் இராணிக்கேட் நோய் வந்தால் ஊரே அறியும். ஒரே வாரத்தில் கூடு காலியாகிவிடும், அழுகுரல் கேட்கும், மருந்தகத்துக்கு ஆள் வரும். புழு அப்படிச் செய்வதில்லை. அது கோழியைக் கொல்வது அரிது. கோழி தின்னும், நடமாடும், ஆனால் தேறாது. முட்டையிடும் நாள் தள்ளிப்போகும். பதினைந்து இடவேண்டிய கோழி ஏழெட்டோடு நின்றுவிடும். ‘இது ராசியில்லாத கோழி’ என்று சொல்லி வியாபாரியிடம் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். இழப்பு நேர்ந்ததே தெரியாமல் நேரும் இழப்பு இது.

கோழியைக் கையில் எடுத்துப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். நெஞ்சின் நடுவே ஓடும் எலும்பு கத்தியின் முதுகைப்போலத் துருத்தி நிற்கும். அதன் இருபுறமும் இருக்கவேண்டிய சதை வற்றியிருக்கும். கொண்டையும் முகமும் சிவப்பு மங்கி வெளிறியிருக்கும். இறகுகள் பொலிவிழந்து, இறக்கைகள் தொங்கி, எச்சம் தண்ணீராகக் கழியும். இவை யாவும் வேறு நோய்களிலும் உண்டு என்பதால் பார்வையை மட்டும் நம்பி முடிவு கட்டுவது சரியன்று. இறந்த கோழியை அறுத்துப் பார்க்கும்போதுதான் ஐயம் முற்றாக நீங்கும். வெந்த சேமியாவைப்போல வெண்மையாக, கொத்துக்கொத்தாகக் குடலை அடைத்துக்கொண்டிருக்கும் உருண்டைப்புழுக்களை ஒரு முறை பார்த்தவர்கள், அந்தக் கோழி தின்ற தீனியெல்லாம் எங்கே போயிற்று என்று பிறகு கேட்பதில்லை.

அந்த உருண்டைப்புழுவின் அறிவியல் பெயர் அஸ்காரிடியா காலி. கோழியின் சிறுகுடலில் வாழும் புழுக்களில் இதுவே பெரியது. பெண் புழு பத்து சென்டிமீட்டருக்கும் மேல் வளரக்கூடும். குழந்தைகளின் வயிற்றில் காணப்படும் உருண்டைப்புழுவுக்கு இது உறவுமுறைதான் என்றாலும் வேறு இனம். கோழியிடமிருந்து மனிதருக்குத் தொற்றாது. மிக அரிதாக, கழிவுவாய் வழியே முட்டைக்குழாய்க்குள் ஏறிச்சென்ற புழு ஒன்று முட்டைக்குள்ளேயே அடைபட்டு வெளிவருவதுண்டு. உடைத்துப் பார்ப்பவருக்கு அருவருப்பாக இருக்குமே தவிர, அதனால் நோய் வராது. ஆனால், அந்தக் கூட்டில் புழு மிகுந்திருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிவிப்பு வேண்டியதில்லை.

இந்தப் புழுவின் வாழ்க்கைச் சக்கரத்தில்தான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி அடங்கியிருக்கிறது. பெண் புழு இடும் நுண்ணிய முட்டைகள் எச்சத்தோடு வெளியே வருகின்றன. வெளிவந்த அந்தப் பொழுதில் அவை யாருக்கும் தீங்கு செய்ய வல்லவை அல்ல. புதிய எச்சத்தை இன்னொரு கோழி கொத்தினாலும் அதற்கு அந்தப் புழு தொற்றாது. முட்டைக்குள் இளம்புழு உருவாகித் தொற்றும் வலிமை பெற, உகந்த வெப்பமும் ஈரமும் இருந்தால்கூட ஏறத்தாழ 10 முதல் 12 நாள்கள் தேவை. சூழல் சாதகமாக இல்லையென்றால் இன்னும் நீளும். அதன்பிறகு எந்தக் கோழி தீனியோடு அதை விழுங்கினாலும், குடலுக்குள் இளம்புழு வெளிவந்து, சிறிது காலம் குடற்சுவரின் உட்பூச்சில் புதைந்திருந்து, பின் குடலின் நடுவே வந்து வளர்கிறது. விழுங்கிய நாளிலிருந்து ஐந்து முதல் எட்டு வாரங்களில் அதுவும் முட்டையிடத் தொடங்கிவிடும்.

ஆக, எச்சம் கீழே விழுந்த நேரத்துக்கும் அது நஞ்சாக மாறும் நேரத்துக்கும் இடையே பத்து நாள் இடைவெளியை இயற்கையே நமக்குக் கொடுத்திருக்கிறது. வாரத்துக்கு இருமுறை கூட்டைச் சுரண்டிப் பெருக்கி எச்சத்தை அகற்றும் வீட்டில், கூட்டுக்குள் உருவாக வேண்டிய தொற்று உருவாவதற்கு முன்பே வெளியேறிவிடுகிறது. இதற்குச் செலவு ஒரு துடைப்பமும் ஒரு தகரமும்தான். இதைச் சொன்னால் ‘இவ்வளவுதானா’ என்ற ஏமாற்றம் கேட்பவர் முகத்தில் தெரியும். மருந்துப் புட்டிக்கு இருக்கும் மரியாதை துடைப்பத்துக்கு இல்லை.

மண்ணே இந்தத் தொற்றின் தாய்வீடு என்பதற்கு உலக அனுபவமே சான்று. கோழிகளைக் கம்பிக் கூண்டில் ஏற்றியபோது உருண்டைப்புழு பெருமளவு மறைந்துபோயிற்று. நாமக்கல் வட்டாரத்து முட்டைப் பண்ணைகளில் கூண்டில் நிற்கும் கோழியின் எச்சம் கம்பியின் இடைவெளி வழியே கீழே விழுந்துவிடுகிறது; கோழிக்கும் அதற்கும் தொடர்பு அற்றுப்போகிறது. எந்த மருந்தும் செய்யாததை அந்தக் கம்பி செய்தது. பின்னர் விலங்கு நலன் கருதி ஐரோப்பிய ஒன்றியம் 2012 ஜனவரி 1 முதல் வழக்கமான வெற்றுக் கம்பிக்கூண்டுகளைத் தடை செய்தது. தரையிலும் திறந்த வெளியிலும் கோழிகள் மீண்டும் நடமாடத் தொடங்கிய பண்ணைகளில், ஏறக்குறைய மறந்துபோயிருந்த உருண்டைப்புழுவும் மீண்டும் வந்து சேர்ந்தது. கூண்டுதான் நல்லது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். தரையில் கோழி வளர்ப்பவர் தரையைக் கவனிக்காமல் இருக்க முடியாது என்பதே இதன் பொருள்.

புழுவின் முட்டை எளிதில் அழிவதில்லை. அதன் ஓடு பல அடுக்குகள் கொண்டது. வீட்டில் ஊற்றும் ஃபினாயில் அதை ஒன்றும் செய்வதில்லை. சுண்ணாம்பு தரையை உலர்த்த உதவும். முட்டையைக் கொன்றுவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது. நிழலும் ஈரமும் இருக்கும் மூலையில் அது மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். அதன் பகைவர்கள் இரண்டே. ஒன்று, நேரடி வெயிலும் அதனால் வரும் வறட்சியும். மற்றொன்று, கடும் வெப்பம். கொதிநீரைக் கூட்டின் தரையிலும் இடுக்குகளிலும் ஊற்றுவது நல்ல பலன் தரும். நம் ஊரின் சித்திரை வெயில் இந்த வகையில் ஒரு கொடை. கூட்டைத் தூக்கி வெட்டவெளியில் கவிழ்த்துவைத்துச் சில நாள் காயவிட்டால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். சுவரோடு சேர்த்துக் கட்டிய, வெயில் படாத, தரை எப்போதும் நசநசத்திருக்கும் கூடுகளில்தான் புழு தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறது.

அகற்றிய எச்சத்தை எங்கே போடுவது என்பதும் முக்கியம். பெரும்பாலான வீடுகளில் அது போய்ச் சேரும் இடம் பக்கத்திலேயே இருக்கும் குப்பைமேடு. அடுத்த வாரம் தாய்க்கோழி தன் குஞ்சுகளை அழைத்துக்கொண்டு முதலில் போய்க் கிளறுவதும் அதே குப்பைமேட்டைத்தான். எச்சத்தை எருக்குழியில் போட்டு, மேலே சாணமோ இலைதழையோ மண்ணோ இட்டு மூடிவிட்டால், மட்கும்போது உள்ளே எழும் வெப்பமே முட்டைகளை அழித்துவிடும். மூடாமல் விட்டால் மேலடுக்கு சூடேறாது. அங்கேயே முட்டை முதிர்ச்சியடையும்.

குஞ்சுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். உருண்டைப்புழுவால் பெரிதும் வாடுவது மூன்று மாதத்துக்குட்பட்ட இளங்கோழிகள்தான். வயது ஏற ஏற உடல் ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றுவிடுகிறது. ஆனால் புழு முற்றிலும் நீங்குவதில்லை. நலமாகத் தோன்றும் தாய்க்கோழி தன் எச்சத்தின் வழியே முட்டைகளைப் பரப்பிக்கொண்டே இருக்கும். அடை வைத்துப் பொரித்த பன்னிரண்டு குஞ்சுகளில் ஐந்தாறு மட்டுமே தேறுவதற்குக் காக்கையையும் கீரியையும் மட்டும் குறைசொல்வது வழக்கம். குடலில் புழு ஏறி நலிந்த குஞ்சுதான் பருந்தைக் கண்டதும் ஓட முடியாமல் பின்தங்குகிறது என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இதற்கு நம் முன்னோர் வைத்திருந்த கருவி பஞ்சாரம். மூங்கிலால் பின்னிய அந்தக் கூடையைக் கவிழ்த்து, குஞ்சுகளைத் தாயோடு உள்ளே விட்டுவைப்பார்கள். பருந்துக்குப் பயந்து வைத்தது என்பார்கள். புழுவுக்கும் அது நல்ல தடைதான், ஒரே ஒரு நிபந்தனையோடு. பஞ்சாரத்தை நாள்தோறும் இடம் மாற்றிவைக்க வேண்டும். இன்று வைத்த இடத்துக்குக் குறைந்தது ஒரு மாதத்துக்குத் திரும்பி வராமல், வெயில் படும் வறண்ட தரையாகப் பார்த்து நகர்த்திக்கொண்டே போனால், முதல் எட்டு வாரம் குஞ்சுகள் பெரும்பாலும் தூய நிலத்தில் வளரும். வைத்த இடத்திலேயே மாதக்கணக்கில் வைத்திருக்கும் பஞ்சாரம் தலைகீழ்ப் பலனையே தரும்.

நாடாப்புழுவின் கதை வேறு. அதன் முட்டையை நேரடியாக விழுங்கினால் கோழிக்குத் தொற்று வராது. இடையில் ஒரு பூச்சி வேண்டும். எறும்பு, ஈ, சாணவண்டு, நத்தை என்று நாடாப்புழுவின் இனத்துக்கேற்ப அந்த இடையாள் மாறும். நம் நாட்டுக்கோழிகளில் மிகுதியாகக் காணப்படும் ரைலியட்டினா வகைகளுக்கு எறும்பும் வண்டும் துணை செய்கின்றன. அவற்றுள் ஒன்று குடற்சுவரில் தலையைப் புதைத்துக் கட்டிகளை உண்டாக்கும். காசநோய்க் கட்டிகளோ என்று மருத்துவரையே மயங்கவைக்கும் அளவுக்கு அவை ஒத்திருக்கும். மற்றோர் இனமான டேவைனியா சில மில்லிமீட்டர் நீளமே உடையது, வெறுங்கண்ணுக்குத் தப்பிவிடும். ஆனால் குடலில் அது செய்யும் சேதம் பெரியது. எச்சத்தின்மேல் உடைந்த அரிசி நொய்போல வெள்ளைத் துணுக்குகள் தென்பட்டால், அவை நாடாப்புழுவின் கழன்றுவிழுந்த கணுக்கள் என்று அறியலாம்.

புறக்கடையில் கோழி எறும்பைத் தின்னாமல் தடுக்க யாராலும் இயலாது, தடுக்கவும் வேண்டாம். பூச்சிதான் அதற்குப் புரதம். பழைய பானையில் சாணமும் வைக்கோலும் இட்டு ஈரப்படுத்திக் கவிழ்த்துவைத்து, கரையான் பிடித்துக் குஞ்சுகளுக்குக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது நல்ல வழக்கம். புரதமும் வைட்டமின் ‘ஏ’யும் போதிய அளவு கிடைக்கும் கோழி புழுவை எதிர்த்து நிற்கும்; குருணையை மட்டுமே தின்று வளரும் கோழி தாங்காது. கீரைத் தண்டு, முருங்கை இலை, தீவனத்தில் கொஞ்சம் பிண்ணாக்கு என்று சேர்ப்பதும் ஒருவகையில் புழு மருத்துவமே. நம்மால் செய்யக்கூடியது, கூட்டைச் சுற்றி ஈ மொய்க்கவும் வண்டு பெருகவும் இடம்தரும் ஈரக் கழிவைத் தேங்கவிடாமல் இருப்பதுதான்.

கோழியோடு வான்கோழியையும் சேர்த்து வளர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கோழியின் குருட்டுக்குடலில் ஹெடராகிஸ் என்ற சிறிய புழு வாழ்கிறது. ஒரு சென்டிமீட்டர் அளவே இருக்கும். கோழிக்கு அதனால் பெரிய துன்பமில்லை. ஆனால் அதன் முட்டைக்குள் வேறொரு நுண்ணுயிர் ஒளிந்து பயணம் செய்கிறது. வான்கோழியின் கல்லீரலைத் தாக்கிக் கொத்துக்கொத்தாகக் கொல்லும் கருந்தலை நோய்க்கு அதுவே காரணம். வெளிக்காற்றில் சில மணிநேரம்கூடத் தாங்காத அந்த நுண்ணுயிர், புழு முட்டைக்குள் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். மண்புழு அந்த முட்டையை விழுங்கி, அதைக் கோழியும் வான்கோழியும் விழுங்குவதும் உண்டு. அமெரிக்க அறிஞர்கள் கிரேபிலும் தியோபால்ட் ஸ்மித்தும் 1920-ஆம் ஆண்டிலேயே இந்தத் தொடர்பை மெய்ப்பித்துவிட்டார்கள். நூறாண்டு கடந்தும், கோழி மேய்ந்த அதே தோட்டத்தில் வான்கோழிக் குஞ்சுகளை விட்டு, ‘திடீரென்று செத்துப்போயின’ என்று வருந்துவோரைக் காண்கிறோம்.

இனி மருந்து. துடைப்பத்தை உயர்த்திப் பேசியதால் மருந்து வேண்டாம் என்று கொள்ளக் கூடாது. ஏற்கெனவே குடலில் குடியேறிவிட்ட புழுவைத் துடைப்பம் அகற்றாது. ஆனால் எந்த மருந்து, எந்தப் புழுவுக்கு, எந்த அளவில் என்ற கேள்வி பலருக்கும் எழுவதே இல்லை. கடையில் ‘கோழிக்குப் பூச்சி மருந்து’ என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது பைபெரசின். அது உருண்டைப்புழுவை முடக்கிப் போட்டு எச்சத்தோடு வெளியேற்றும். நாடாப்புழுவிடம் அதற்கு வேலையில்லை; குருட்டுக்குடற் புழுவிடமும் அதன் ஆற்றல் குறைவு; குடற்சுவரில் புதைந்திருக்கும் இளம்புழுவையும் அது எட்டாது. அதனால்தான் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுமுறை கொடுக்கச் சொல்கிறோம். லெவாமிசோல் உருண்டை வகைப் புழுக்கள் பலவற்றுக்கு உதவும். அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் போன்றவை புழுவின் சத்து உறிஞ்சும் ஆற்றலைக் கெடுத்துப் பட்டினியால் சாகவைப்பவை. இவற்றின் வீச்சு பரந்தது. இறகு உதிர்த்து மறு இறகு முளைக்கும் காலத்தில் ஃபென்பெண்டசோல் கொடுத்தால் முளைக்கும் இறகு கோணலாகக்கூடும். நாடாப்புழுவுக்கு நம்பகமான மருந்து பிராசிகுவாண்டெல். எதைக் கொடுத்தாலும் மருந்தின் தன்மைக்கேற்பச் சில நாள்கள் முட்டையையும் இறைச்சியையும் உண்ணவோ விற்கவோ கூடாது. அந்த நாள் கணக்கை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது, வாங்கி உண்பவருக்கு நாம் செய்யும் நேர்மை.

அளவுதான் பெரிய சிக்கல். பண்ணையில் ஆயிரம் கோழிக்குத் தண்ணீர்த் தொட்டியில் மருந்து கலப்பது எளிது. புறக்கடைக் கோழிக்கு அப்படி ஒரே தொட்டி கிடையாது. கழுநீர்ப் பானை, குழாயடி, சாக்கடை, பக்கத்து வீட்டு மாட்டுத்தொட்டி என்று எங்கு வேண்டுமானாலும் அது குடிக்கும். தட்டில் மருந்து கலந்து வைத்தால் கசப்பறிந்த கோழி ஒரு வாய் குடித்துவிட்டு நகர்ந்துவிடும். அதிகாலையில், கூட்டைத் திறப்பதற்கு முன், உள்ளேயே மருந்து கலந்த நீரை வைத்து, அது தீர்ந்த பிறகே வெளியே விடுவது ஒரு வழி. பத்துப் பதினைந்து கோழிதான் என்றால் ஒவ்வொன்றாகப் பிடித்து, எடைக்கேற்ற அளவைச் சொட்டாகப் புகட்டுவதே சிறந்தது. கொடுத்தபின் ஓரிரு நாள் அடைத்துவைத்து, வெளியேறும் புழுவையும் எச்சத்தையும் கூட்டி அள்ளிவிட வேண்டும். திறந்து விட்டுவிட்டால், குடலில் இருந்ததைத் தோட்டம் முழுவதும் விதைத்ததாகிவிடும்.

குறைந்த அளவு மருந்து பயனற்றது என்பதோடு நிற்பதில்லை, அது தீங்கானது. சாகாமல் தப்பும் புழுக்கள் அந்த மருந்தைத் தாங்கும் வாரிசுகளைப் பெருக்குகின்றன. செம்மறியாடு, வெள்ளாடுகளின் இரைப்பைப் புழுக்களில் இந்த எதிர்ப்புத் திறன் உலகெங்கும் பரவிவிட்டது. அமெரிக்காவில் வான்கோழியைத் தாக்கும் உருண்டைப்புழு ஃபென்பெண்டசோலை எதிர்த்து நிற்பது 2019-ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில் பதிவாகியிருக்கிறது. மாதந்தோறும் ஒரே மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பவர்கள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும். கால அட்டவணையைவிட எச்சப் பரிசோதனையே மேல் என்பது என் கருத்து. ஐந்தாறு கோழிகளின் புதிய எச்சத்தை ஒரு காலித் தீப்பெட்டியில் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனால் போதும். நுண்ணோக்கியில் பார்த்து எந்தப் புழுவின் முட்டை, எவ்வளவு என்று சொல்லிவிட முடியும். அதற்கு வாய்ப்பில்லாதபோது, குஞ்சுகளுக்கு ஏறத்தாழ எட்டாவது வாரத்தில் ஒரு முறையும், பின்னர் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் மழை ஓய்ந்த தை மாதத்திலும் கொடுப்பது நம் தட்பவெப்பத்துக்குப் பொருந்தும். மண் ஈரமாக இருக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் புழு முட்டைக்குச் செழிப்பான காலம்.

வேப்பிலை, பூண்டு, மஞ்சள், பப்பாளி விதை, பாக்கு ஆகியவற்றைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. இவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட நான் விரும்பவில்லை. பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் பொருள் ஒரு காலத்தில் நாய்களின் நாடாப்புழுவுக்குக் கால்நடை மருத்துவத்திலேயே பயன்பட்டது. பப்பாளிப் பாலிலுள்ள நொதிகள் புழுவின் மேல்தோலைச் சிதைப்பதும் சோதனைகளில் தெரியவந்துள்ளது. ஆயினும், ஒரு பொருளில் ஆற்றல் இருப்பது வேறு; நம் வீட்டு உரலில் இடித்த கைப்பிடி உருண்டையில் அந்த ஆற்றல் போதிய அளவு இருப்பது வேறு. பாக்கைப் பொறுத்தவரை, புழுவைக் கொல்லும் அளவுக்கும் கோழியை வாட்டும் அளவுக்கும் இடையிலான வெளி மிகக் குறுகியது. புழுச் சுமை குறைவாக இருக்கும்போது துணையாகக் கொடுப்பதை நான் தடுக்க மாட்டேன். எலும்பு துருத்தி நிற்கும் கோழிக்கு வேப்பிலையை மட்டும் அரைத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதை ஏற்க இயலாது.

ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் தமிழக அரசின் கால்நடை பராமரிப்புத் துறை கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமை இரு வாரம் ஊர் ஊராக நடத்துகிறது. தடுப்பூசிக்கு ஒரு வாரம் முன்னதாகக் குடற்புழு நீக்கம் செய்திருக்க வேண்டும் என்பது நாங்கள் வழக்கமாகக் கூறும் அறிவுரை. புழுச் சுமையால் நலிந்த உடல் தடுப்பூசிக்கு உரிய எதிர்ப்பாற்றலை உருவாக்கத் தடுமாறக்கூடும் என்பதே காரணம். ஆனால் அந்த அறிவுரை காகிதத்தில் இருக்கிறது. மருந்து அந்தப் பெண்ணின் கைக்கு வந்து சேர்வதில்லை. கடைகளில் விற்கப்படும் மருந்துகள் பலவும் பெரும் பண்ணைகளை மனத்தில் கொண்டு பெரிய புட்டிகளில் அடைக்கப்பட்டவை. எட்டுக் கோழி வளர்ப்பவர் நூற்றுக்கணக்கான கோழிக்கு உரிய மருந்தை எதற்கு வாங்குவார்? விளைவாக, பள்ளியில் குழந்தைக்குக் கொடுத்த குடற்புழு மாத்திரையில் பாதியை உடைத்துக் கோழிக்குக் கரைத்துக் கொடுத்த வீடுகளை நான் அறிவேன். 2015 முதல் பிப்ரவரியில் நடைபெறும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் குழந்தைகளுக்கு வழங்கப்படும் அல்பெண்டசோல் அது. குழந்தையும் முழு அளவு பெறவில்லை. கோழிக்கும் அளவு தெரியவில்லை.

இங்கே அரசு செய்யக்கூடியது பெரிய செலவு பிடிக்கும் செயலன்று. பத்துக் கோழிக்கு ஒரு வேளை என்ற கணக்கில் சிறு பொட்டலங்களாக மருந்தைத் தயாரித்து, தடுப்பூசி முகாமுக்கு ஒரு வாரம் முன்னதாகவே மகளிர் சுய உதவிக் குழுக்கள் வழியே கொடுத்துவிடலாம். பருவமழைக்கு முன்பாக ஒரு முறையும் அதையே செய்யலாம். குஞ்சு வழங்கும் திட்டத்தில் பயனாளிக்குப் பயிற்சி தரப்படும்போது இனங்களின் சிறப்பைப் பற்றியும் சந்தை விலையைப் பற்றியும் பேசும் நேரத்தில் ஒரு பகுதியை எச்சத்தை எத்தனை நாளைக்குள் அள்ள வேண்டும் என்று சொல்வதற்கு ஒதுக்கலாம். சிறுவிடையா, பெருவிடையா, கடக்நாத்தா என்பதைப் புழு பார்ப்பதில்லை.

கூட்டின் அமைப்பைப் பற்றியும் ஒரு சொல். தரையிலிருந்து இரண்டடி உயர்த்தி, அடியில் மூங்கில் சட்டமோ கம்பிவலையோ இட்டு, எச்சம் கீழே விழும்படி அமைத்த கூடு இரவு நேரத் தொற்றைப் பெருமளவு குறைத்துவிடும். இரவு முழுவதும் கோழி கழிக்கும் எச்சம் ஓரிடத்தில் சேர்வதால் அள்ளுவதும் எளிது. பகலில் தோட்டத்தில் சிதறும் எச்சத்தை வெயிலிடம் விட்டுவிடலாம். அது தன் வேலையைச் செய்யும். இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிருக்கு மட்டும் இந்தப் பத்து நாள் கணக்கு பொருந்தாது. அது வெளிவந்த ஓரிரு நாள்களிலேயே தொற்றும் வலிமை பெற்றுவிடும். குஞ்சுகள் இருக்கும் கூட்டில் ஆகவே நாள்தோறும் பெருக்குவதே பாதுகாப்பு. பெரிய கோழிகள் மட்டும் உறங்கும் கூடு என்றால் செவ்வாயும் சனியும் என்று இரண்டு நாளைக் குறித்துக்கொண்டால் போதும்.